நாற்பது பேட்டர்களின் கணக்கு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், கவுண்ட்டி ஸ்டேடியத்தில், 1959 மே 26 செவ்வாய்க்கிழமை இரவு நடந்த பேஸ்பால் ஆட்டம் பதிவேட்டில் இரண்டே வரி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வரியில் பதின்மூன்று பூஜ்யங்கள், அவற்றை அடுத்து 0, 12, 1. மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் வரியில் பன்னிரண்டு பூஜ்யங்களும் கடைசியில் ஒரு 1-ம். அடுத்து 1, 1, 0. கடைசி மூன்று எண்களும் முறையே ரன், ஹிட், எரர். பன்னிரண்டு முறை பந்தை நன்றாக அடித்துப் பேஸைத் தொட்ட அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறை அப்படி அடித்த அணி வென்றுவிட்டது.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்பாலின் அடிப்படை விளங்க அதிக நேரம் ஆகாது. பந்து வீசுபவர் பிட்சர். அடிக்க வருபவர் பேட்டர். மைதானத்தில் சதுரமாக நான்கு பேஸ்கள். கடைசிப் பேஸுக்கு ஹோம் என்று பெயர். அடித்தவர் மூன்று பேஸ்களையும் கடந்து ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது, அடுத்த அணி ஆட வரும். இப்படி ஆளுக்கு ஒன்பது முறை ஆடியும் சமநிலை என்றால், யாராவது முந்தும் வரை ஆட்டம் நீளும். மில்வாக்கி ஆட்டம் பதின்மூன்றாவது இன்னிங்ஸ் வரை நீண்டது.

பிட்ஸ்பர்க் அணிக்காகப் பந்து வீசியவர் ஹார்வி ஹாடிக்ஸ், இடது கைப் பிட்சர். ஜலதோஷத்தோடு ஆட வந்தவர். முதல் பன்னிரண்டு இன்னிங்ஸில் அவர் எதிர்கொண்ட 36 பேட்டர்களில் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. அடித்தும் தொடவில்லை, ஃபீல்டரின் தவறாலும் தொடவில்லை. எதிரணி சாதாரண அணியும் அல்ல: 1957-இல் உலகத் தொடரை வென்றது, 1958-இல் நேஷனல் லீகில் முதலிடம் பிடித்தது, ஹாங்க் ஆரனும் எடி மேத்யூஸும் அடுத்தடுத்து பேட் செய்ய வருவது. ஒரே ஆட்டத்தில் 36 பேரைத் தொடர்ந்து வெளியேற்றிய இன்னொரு பிட்சர் அமெரிக்க மேஜர் லீக் வரலாற்றில் கிடையாது. அவர்தான் அன்று தோற்றார்.

இந்த முரணைச் சொல்லி வியப்பதோடு பல கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. எனக்கு அந்தப் பதிவேட்டின் உள்ளே போய்ப் பார்க்க ஆசை. ஓர் ஆட்டத்தை எண்களாக மாற்றும்போது என்ன தப்பிப் பிழைக்கிறது, என்ன தொலைகிறது, எந்தத் தவறை எண்களே காட்டிக் கொடுக்கும், எந்தத் தவறைக் காட்டிக் கொடுக்காது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னோர் ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

பேஸ்பால் பதிவேட்டுக்கு பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். அதை வடிவமைத்ததில் பெரும் பங்கு ஹென்றி சாட்விக்குக்கு உண்டு. 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்கு கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் அவர். கிரிக்கெட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனி வரி போட்டு எழுதும் பழக்கத்தை 1859-இல் பேஸ்பாலுக்குக் கொண்டுவந்தார். கட்டங்கள் பின்னால் மாறின, கூடின. ஒருவருக்கு ஒரு வரி என்ற ஏற்பாடு மாறவில்லை. ஆடாமலே பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு அழகான சமன்பாடு ஒளிந்திருக்கிறது. பேட் செய்ய வந்த ஒவ்வொருவரும் கடைசியில் மூன்றில் ஓர் இடத்தில்தான் போய்ச் சேர முடியும். ரன் எடுத்திருக்க வேண்டும். அல்லது அவுட்டாகியிருக்க வேண்டும். அல்லது இன்னிங்ஸ் முடியும்போது ஏதோ ஒரு பேஸில் நின்றுகொண்டிருக்க வேண்டும். நான்காவது இடம் கிடையாது. ஆகவே வந்தவர்களின் எண்ணிக்கையும், ரன், அவுட், பேஸில் நின்றவர் என்ற மூன்றின் கூட்டுத்தொகையும் சமமாக இருந்தே தீர வேண்டும். வேதிவினைக்கு முன்னும் பின்னும் அணுக்களை எண்ணிச் சரிபார்ப்பதும் இதே தர்க்கம்தான்: எதுவும் புதிதாக உருவாவதில்லை, எதுவும் காணாமல் போவதில்லை.

பிட்ஸ்பர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 47 பேர் பேட் செய்ய வந்தார்கள். ரன் 0. பதின்மூன்று இன்னிங்ஸுக்கு மும்மூன்றாக 39 அவுட். பேஸில் நின்றவர்கள் 8. கூட்டினால் 47. சரி. இன்னொரு வழியிலும் பார்க்கலாம். அன்று பிரேவ்ஸ் பிட்சர் லூ பர்டெட் யாருக்கும் இலவசமாக முதல் பேஸைக் கொடுக்கவில்லை. அவருடைய ஃபீல்டர்களும் தவறு செய்யவில்லை. எனவே பேஸைத் தொட்டவர்கள் அந்த 12 ஹிட்காரர்கள் மட்டுமே, மீதி 35 பேர் அடிக்கும்போதே அவுட். ஆனால் மொத்த அவுட் 39 ஆயிற்றே? அந்த நான்கு பேர் பேஸைத் தொட்ட பிறகு அவுட்டானவர்கள். மூன்று பேர் ஒரே பந்தில் இருவரை வெளியேற்றும் டபுள் பிளேயில் போனார்கள். நான்காமவர் வலது ஃபீல்டர் ரோமன் மெஹியாஸ். மூன்றாவது இன்னிங்ஸில், மூன்றாம் பேஸை நோக்கி ஓடும்போது அவுட்டானார். பன்னிரண்டில் நான்கு போனால் எட்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கணக்கு ஒரே இடத்தில் முடிகிறது. தந்தி வழியாகச் செய்தி போன காலத்தில், அச்சுக் கோப்பவர் 8-ஐ 3 ஆக்கிவிட்டால்கூட மறுநாள் காலை பத்திரிகையை வாசிக்கும் பள்ளி மாணவன் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு பிழையைப் பிடித்துவிடலாம்.

இனி மில்வாக்கி பக்கம். அங்கேதான் விஷயம் கனக்கிறது.

பேட்டிங் வரிசையில் ஒன்பது பேர். 36 பேர் அவுட் என்றால் வரிசை மிகச் சரியாக நான்கு சுற்று முடிந்திருக்கிறது. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மறுபடி முதல் இடத்துக்காரர் வருகிறார். அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியவர் ஜானி ஓ'பிரையன். ஆனால் இப்போது ஆடுபவர் மாற்று வீரரான ஃபீலிக்ஸ் மன்ட்டியா. அவர் அடித்த பந்து தரையோடு மூன்றாம் பேஸ்காரர் டான் ஹோக்கிடம் போயிற்று. ஹோக் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். எறி பிசகியது. மன்ட்டியா முதல் பேஸில் நின்றார். ஸ்கோரர்கள் ஃபீல்டர்களைப் பெயரால் எழுதுவதில்லை, 1 முதல் 9 வரை எண்ணால் எழுதுவார்கள். மூன்றாம் பேஸ்காரர் 5. ஆகவே அந்தக் கட்டத்தில் 'ஈ5', அதாவது ஐந்தாம் எண்காரரின் எரர், என்று எழுதப்பட்டது. ஒருவர்கூட பேஸைத் தொடாத 'முழுமையான ஆட்டம்' அதோடு முடிந்தது, ஹிட் இல்லாத ஆட்டம் இன்னும் மிச்சமிருந்தது.

அடுத்து மேத்யூஸ் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகி, மன்ட்டியாவை இரண்டாம் பேஸுக்கு அனுப்பினார். இதற்குத் தியாக அடி என்று தனிக் கட்டம் உண்டு; பேட்டரின் சராசரியில் இது சேராது. ஆரனுக்கு அடிக்கும் வாய்ப்பே தராமல் வேண்டுமென்றே முதல் பேஸ் தரப்பட்டது. பிறகு வந்தவர் ஜோ ஆட்காக். அவர் அடித்த பந்து வலது மையத்தில் வேலியைத் தாண்டி விழுந்தது.

வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், மூன்று பேரும் சுற்றி வரலாம், 3-0. ஆனால் பந்து வேலிக்கு உள்ளே விழுந்தது என்று ஆரன் நினைத்தார். மன்ட்டியா ஹோமைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது என்று கருதி, இரண்டாம் பேஸைத் தாண்டியவர் அப்படியே மைதானத்தின் குறுக்கே தன் அணியின் இருக்கைப் பக்கம் நடந்தார். பின்னால் தலை குனிந்து ஓடிவந்த ஆட்காக் அவரைக் கடந்து போய்விட்டார். முன்னால் ஓடுபவரைப் பின்னால் வருபவர் கடந்தால் கடந்தவர் அவுட் என்பது விதி. நடுவர்கள் ஆட்காக்கை அவுட் என்றார்கள். ஆரன் திரும்பி வந்து பேஸ்களைத் தொட்டுச் சுற்றி முடித்ததால் அன்றிரவு 2-0 என்று அறிவித்தார்கள். மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் அதையும் மாற்றினார். ஆட்காக்கின் அடி ஹோம் ரன் ஆகாது, இரண்டு பேஸ் அடிதான், மன்ட்டியாவின் ரன்னோடு ஆட்டம் முடிந்தது, 1-0.

இப்போது நம் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். மில்வாக்கிக்கு வந்த பேட்டர்கள் 36 பேரும் நான்கு பேரும், ஆக 40. ஜைல்ஸின் தீர்ப்புப்படி ரன் 1, பேஸில் நின்றவர் 1 (ஆரன்), அவுட் 38. கூட்டினால் 40. நடுவர்களின் தீர்ப்புப்படி ரன் 2, பேஸில் நின்றவர் யாருமில்லை, அவுட் 38. அதுவும் 40. ஆரன் ஒழுங்காக ஓடியிருந்தால் ரன் 3, அவுட் 37. அதுவும் 40.

மூன்று கணக்கும் சரியாக வருகின்றன. எண்ணும்போது ஏற்படும் தவறைச் சமன்பாடு பிடிக்கும். நடந்தது என்ன என்று தீர்மானிப்பதில் அது வாய் திறக்காது. ஆரனை ரன் கட்டத்தில் வைப்பதா, பேஸில் நின்றவர் கட்டத்தில் வைப்பதா என்பதை விதிப்புத்தகத்தை வாசித்த ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அறிவியலில் அளவீடு என்று நாம் சொல்லும் எல்லாவற்றிலும் இந்த இரண்டு வேலைகளும் கலந்தே இருக்கின்றன: ஒரு பொருளை இன்ன வகை என்று பிரிப்பது, பிரித்ததை எண்ணுவது. எண்ணுவதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. பிரிப்பதைச் சரிபார்க்க, நடந்ததை மறுபடி விவரமாகச் சொல்லும் சாட்சி வேண்டும்.

ஹாடிக்ஸின் சொந்த வரியைப் பாருங்கள். 12⅔ இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் 38 அவுட்டுக்கு அந்தப் பின்னம். ஆட்காக்கை அவுட் என்று எழுதியதால்தான் ⅔. ஹோம் ரன் என்று எழுதியிருந்தால் ⅓ என்று வந்திருக்கும். ஹிட் 1, ரன் 1, ஆனால் பிட்சர் பொறுப்பேற்க வேண்டிய ரன் 0, ஏனெனில் ரன் எடுத்தவர் ஃபீல்டரின் தவறால் பேஸுக்கு வந்தவர். பொறுப்பு யாருடையது என்பதற்குத் தனிக் கட்டம் வைத்திருப்பது பேஸ்பால் பதிவேட்டின் மிக நேர்மையான அம்சம் என்று நினைக்கிறேன். ஆனால் தோல்வி என்ற கட்டம் இதையெல்லாம் கேட்பதில்லை. அதில் ஹாடிக்ஸின் பெயர்தான்.

சமன்பாட்டுக்குத் தப்பும் இன்னொரு வகைத் தவறும் உண்டு. ஒரு முழு ஆட்டத்தையே இரண்டு முறை பதிந்துவிட்டால்? ஒவ்வொரு வரியும் தன்னளவில் சரியாகத்தானே இருக்கும். வாழ்நாள் ஹிட் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த பேட்டர் டை காபுக்கு இதுதான் நடந்தது. 1910 பருவத்தில் அவர் மூன்று முறை பேட் செய்து இரண்டு ஹிட் அடித்த ஓர் ஆட்டம் லீகின் பேரேட்டில் இருமுறை ஏறிவிட்டது. பீட் பாமர் என்ற ஆய்வாளர் பழைய ஏடுகளைத் துருவும்போது இதைக் கண்டார். 1981-இல் செய்தி வெளியாயிற்று. அதுவரை காபின் வாழ்நாள் ஹிட் 4191. இரண்டைக் கழித்தால் 4189. பீட் ரோஸ் 1985 செப்டம்பர் 11-இல் 4192-ஆவது ஹிட்டை அடித்தபோது நாடே கொண்டாடியது. 4189 சரி என்றால் மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 8-இல் சிகாகோவில், ஒரு பிற்பகலிலேயே அவர் காபைத் தாண்டிவிட்டார். இன்றும் இரண்டு எண்களும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த நூலைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1930-இல் ஹாக் வில்சன் என்ற பேட்டர் 190 ரன்களுக்குக் காரணமானார் என்று 69 ஆண்டுகள் எழுதப்பட்டிருந்தது. சக வீரர் சார்லி கிரிம்மின் வரியில் தவறி ஏறிய ஒன்றைக் கண்டுபிடித்து 1999-இல் 191 என்று திருத்தினார்கள். அந்த ஒன்று அணியின் மொத்தத்தை மாற்றவில்லை. அதனால்தான் இத்தனை காலம் பதுங்கியிருந்தது.

ஹாடிக்ஸின் எண்களில் அப்படி எந்தத் தவறும் இல்லை. அவற்றை யாரும் திருத்தவும் இல்லை. ஆனால் 1991-இல் மேஜர் லீக் தலைவர் ஃபே வின்சென்ட் தலைமையிலான புள்ளிவிவரக் குழு ஒன்று வரையறையைத் திருத்தியது. ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட இன்னிங்ஸ் ஆடி, ஆட்டம் முடியும் வரை ஹிட் கொடுக்காமல் இருந்தால்தான் ஹிட் இல்லாத ஆட்டம். மழையால் பாதியில் நின்றவை, கூடுதல் இன்னிங்ஸில் ஹிட் விழுந்தவை என்று ஏறக்குறைய 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து நீங்கின. ஹாடிக்ஸின் ஆட்டமும் அதில் போயிற்று. 32 ஆண்டுகள் முழுமையான ஆட்டம் என்று பெயர் பெற்றிருந்தது, மைதானத்தில் எதுவும் மாறாமலேயே அந்தப் பெயரை இழந்தது.

குழு செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். வரையறை ஒன்றாக இருக்க வேண்டும். பிடித்தமான ஆட்டத்துக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என்றால் பட்டியலுக்கே பொருளில்லை. ஆனால் பட்டியல் வேறு, பதிவு வேறு. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாலேயே அந்த ஆட்டத்தைச் சிறிதாக்கிப் பேசுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 27 பேரைத் தொடர்ந்து வெளியேற்றியவர்கள் 2023 வரை 24 பேர் பட்டியலில் இருக்கிறார்கள். 36 பேரை வெளியேற்றியவர் அதில் இல்லை. புதிதாக ஆட்டத்தைப் பார்க்க வரும் குழந்தை பட்டியலை மட்டும் வாசித்தால் இந்த மனிதரைச் சந்திக்கவே மாட்டாள்.

36 எவ்வளவு அரிது என்று கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு பேட்டர் பேஸைத் தொடும் வாய்ப்பு நூறில் 32 என்று வைத்துக்கொள்வோம்; தொடாமல் போகும் வாய்ப்பு 0.68. ஒருவர் முடிவு அடுத்தவரைப் பாதிக்காது என்றும் கொள்வோம். 0.68-ஐ 27 முறை தன்னோடு பெருக்கினால் ஏறக்குறைய 33,000-இல் ஒன்று. 36 முறை பெருக்கினால் பத்து லட்சத்துக்கும் சற்று மேற்பட்டதில் ஒன்று. கூடுதலாக ஒன்பதே பேர். அரிதாகும் தன்மையோ முப்பது மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கை நம்பலாமா? சோதிக்க வழி இருக்கிறது. மேஜர் லீகில் இதுவரை இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆட்டத்துக்கு இரண்டு அணிகள், ஆக நான்கு லட்சத்துக்கு மேல் வாய்ப்புகள். 33,000-இல் ஒன்று என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று முழுமையான ஆட்டங்களை எதிர்பார்க்கலாம். உண்மையில் நடந்தது 24. கணக்கு ஏன் பாதியில் நிற்கிறது? எல்லாப் பிட்சர்களையும் எல்லா நாள்களையும் ஒன்றாகப் பாவித்ததால். நல்ல பிட்சர் நல்ல நாளில் வீசும்போது 0.68 என்பது 0.72 ஆகிவிடுகிறது என்று வைத்துப் பாருங்கள்: 33,000-இல் ஒன்று என்பது 7,000-இல் ஒன்றாகச் சரிகிறது. மோசமான நாள்கள் அந்த அளவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை, ஏனெனில் அவை ஏற்கெனவே பூஜ்யத்துக்கு அருகில் இருக்கின்றன. சராசரியை மட்டும் வைத்து அரிய நிகழ்ச்சிகளை மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவோம். வெள்ளத்தையும் வறட்சியையும் கணிப்பவர்கள் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள்.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு செய்தியும் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. பேட்டருக்குப் பின்னாலிருந்து பந்தைப் பிடிக்கும் பிட்ஸ்பர்க் கேட்சர் ஸ்மோக்கி பர்ஜெஸ் ஹாடிக்ஸுக்கு விரல்களால் காட்டும் சைகைகளைப் பிரேவ்ஸ் அணியினர் தூரத்திலிருந்து பார்த்து, அடுத்து என்ன பந்து வரப்போகிறது என்று தங்கள் பேட்டர்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னவர் அந்த அணியிலேயே இருந்த பிட்சர் பாப் பூல். வரும் பந்து தெரிந்தே ஆடியும் அந்தப் பேட்டர்களால் பன்னிரண்டு இன்னிங்ஸ் பேஸைத் தொட முடியவில்லை. பாக்ஸ் ஸ்கோரில் இதற்குக் கட்டம் இல்லை, நம் 0.68-இலும் இது அடங்கவில்லை.

டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஸ்மித் 1989-இல் ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கியது மொத்தங்களைத் தாண்டிப் போவதற்காகத்தான். பழைய ஸ்கோரர்களின் ஏடுகளையும் பத்திரிகை நறுக்குகளையும் தேடிப் பிடித்து, ஆட்டத்தில் நடந்ததை வரிசை மாறாமல், பேட்டர் பேட்டராகக் கணினியில் ஏற்றினார்கள். மொத்தங்கள் மறைக்கும் ஒன்றை வரிசை காட்டும்.

வரிசையோடு வாசிக்கும்போது என் கண் ஒவ்வொரு தடவையும் நிற்பது பதின்மூன்றாவது இன்னிங்ஸில் அல்ல, மூன்றாவதில். மெஹியாஸ் முதல் பேஸில் இருக்கிறார். பேட் செய்பவர் ஹாடிக்ஸே. அவர் அடித்த பந்து பர்டெட்டின் மேல் பட்டுத் தெறித்தது. ஹாடிக்ஸ் பத்திரமாக முதல் பேஸ் சேர்ந்தார். இரண்டாம் பேஸில் நிற்க வேண்டிய மெஹியாஸ் மூன்றாவதற்கும் ஓடப் பார்த்து அவுட்டானார். பிட்ஸ்பர்க் கணக்கில் நாம் எண்ணிய நான்காவது ஆள் அவர். அடுத்து வந்த டிக் ஸ்கோஃபீல்ட் ஒரு சிங்கிள், அதாவது ஒரு பேஸ் அடி, அடித்தார். ஹாடிக்ஸ் மூன்றாம் பேஸ் வரை போனார், அதற்கு மேல் போக முடியவில்லை. இரண்டாம் பேஸில் இருப்பவர் ஒரு சிங்கிளில் ஹோம் வந்து சேர்வது பேஸ்பாலில் அன்றாடம் நடப்பது. மெஹியாஸ் இரண்டாம் பேஸிலேயே நின்றிருந்து, அந்தச் சிங்கிளில் வந்து சேர்ந்திருந்தால், பிட்ஸ்பர்க் வரியின் மூன்றாவது கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 1 இருந்திருக்கும். ஹாடிக்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் 27-ஆவது பேட்டரான பர்டெட்டை வெளியேற்றியபோதே ஆட்டம் 1-0 என்று முடிந்திருக்கும். மன்ட்டியா மைதானத்துக்குள் வந்திருக்கவே மாட்டார்.